பெயர்ச்சொல் புகார் ஆகாது

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் விடுதிகளில் இன்று மிகுதியாகப் புழங்கும் மருத்துவச் சொல் எது என்று கேட்டால், ‘நார்சிசிஸ்ட்’ என்பதே விடையாக வரக்கூடும். ஆய்வேட்டின் ஓர் இயலை எட்டு மாதம் படிக்காமல் மேசையில் கிடத்தியிருக்கும் நெறியாளர் நார்சிசிஸ்ட். மாணவர் களத்தில் திரட்டிய தரவைத் தம் பெயரில் கருத்தரங்கில் வாசிப்பவர் நார்சிசிஸ்ட். நேற்றுச் சொன்னதை இன்று ‘அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று மறுப்பவரும் நார்சிசிஸ்ட். துறைத்தலைவர், அறைத்தோழர், முன்னாள் காதலர், மாமியார் என்று அச்சொல்லின் ஆட்சிப்பரப்பு விரிந்துகொண்டே செல்கிறது. நள்ளிரவில் கைப்பேசியில் ஓடும் ஒரு நிமிடக் காணொளி அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது; பார்ப்பவர் ஒவ்வொன்றாகத் தலையசைக்கிறார்; காலையில் நோயறிதல் முடிந்துவிடுகிறது. நோயர் மட்டும் அங்கே இல்லை.

அந்த ஆய்வாளரின் துயரம் பொய்யன்று. அவர் கையில் எடுத்த கருவிதான் பழுதானது. தீங்கு செய்தவருக்கு நோயின் பெயரைச் சூட்டும்போது, அவருடைய செயல் அவருடைய இயல்பாக மாறிவிடுகிறது. இயல்புக்கு எதிராக எந்தக் குழுவும் விசாரணை நடத்த முடியாது. செயலை நிகழ இடம் கொடுத்த நிறுவனம் ஓசையின்றி நழுவுகிறது. உண்மையிலேயே ஆளுமைக் கோளாறோடு வாழ்பவர்களின் நோய்ப்பெயர் வசைச்சொல்லாகிறது. பாதிக்கப்பட்டவருக்கு மிஞ்சுவது ஒரு சொல் மட்டுமே.

அச்சொல் வந்த வழியை முதலில் நோக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹேவ்லாக் எல்லிஸ், பால் நேக்கே ஆகியோரின் எழுத்துகளில் முளைத்த நார்சிசிசம் என்னும் கருத்து, 1914இல் சிக்மண்ட் ஃபிராய்டின் கட்டுரை வழியாக உளப்பகுப்பாய்வின் மையத்துக்கு வந்தது. ஃபிராய்டு அதை வசையாகக் கருதவில்லை. மனித உளவளர்ச்சியின் பொதுவான கூறுகளுள் ஒன்றாகவே கண்டார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்.மில் அது தனியொரு ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது 1980இல், மூன்றாம் பதிப்பில்தான். 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு 10 ஆளுமைக் கோளாறுகளை மூன்று தொகுதிகளாக வகுக்கிறது. நார்சிசிச ஆளுமைக் கோளாறுக்கு அது கூறும் அளவுகோல்கள் 9. அவற்றுள் 5 பொருந்தினால் போதும். கணக்கிட்டுப் பார்த்தால், 256 வெவ்வேறு சேர்க்கைகள் இந்த நிபந்தனையை நிறைவு செய்யும். ஒரே நோய்ப்பெயர் பெற்ற இருவருக்கு இடையே ஒரே ஓர் அளவுகோல் மட்டும் பொதுவாக இருப்பதும் இயலும். இத்தனை தளர்வான ஒரு வகைப்பாட்டைக் கொண்டு ஒரு மனிதரை முழுமையாக விளக்கிவிட்டதாக எண்ணுவது அறிவியலாகாது.

அவ்வகைப்பாட்டை வகுத்தவர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இருந்ததில்லை. ஐந்தாம் பதிப்புக்கான 2010ஆம் ஆண்டு வரைவு நார்சிசிச ஆளுமைக் கோளாற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட முன்மொழிந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11, ஆளுமைக் கோளாறுகளின் பழைய வகைப்பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. கோளாறு எவ்வளவு கடுமையானது என்பதை லேசானது, மிதமானது, தீவிரமானது என்று மூன்று நிலைகளில் மதிப்பிட்டு, அதில் மேலோங்கும் பண்புக்கூறுகளைத் தனியே குறிக்குமாறு அது சொல்கிறது. எல்லைக்கோட்டு வகை ஒன்று மட்டுமே பழைய பட்டியலிலிருந்து ஒரு குறிப்பாக எஞ்சியுள்ளது. மருத்துவ உலகம் ‘இவர் எந்த வகை மனிதர்?’ என்ற கேள்வியிலிருந்து விலகிச் செல்லும் அதே காலத்தில், பல்கலைக்கழக உணவகங்கள் அக்கேள்வியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆளுமைக் கோளாறு என்பதற்கு டி.எஸ்.எம். விதிக்கும் பொது நிபந்தனையையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த நடத்தைப் பாங்கு இளமையிலேயே தொடங்கி நீடிப்பதாக இருக்க வேண்டும். வாழ்வின் பல்வேறு சூழல்களிலும் நெகிழ்வின்றி வெளிப்பட வேண்டும். அவருடைய பண்பாட்டின் எதிர்பார்ப்புகளிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகியிருக்க வேண்டும். இனி, துணைவேந்தர் முன் கைகட்டி நிற்பவரும், ஒத்த நிலையினரிடம் இனிமையாகப் பழகுபவரும், தம் கையொப்பத்தை நம்பி வாழும் நான்கு மாணவர்களிடம் மட்டும் சீறுபவருமான ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குக் கோளாறு இல்லை என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் அவருடைய நடத்தை அதிகாரத்தின் சரிவுக்கேற்பத் துல்லியமாக ஓடுகிறது என்பது கண்கூடு. எங்கே சீறலாம், எங்கே சீறக் கூடாது என்று தெரிந்த நடத்தைக்கு முதல் விளக்கத்தைத் தேட வேண்டிய இடம் நிறுவனத்தின் அமைப்பு. பண்பாட்டிலிருந்து விலகுதல் என்ற நிபந்தனையோ இன்னும் கசப்பான கேள்வியை எழுப்புகிறது. மாணவரைக் காக்க வைப்பதும், வீட்டு வேலைக்கு அனுப்புவதும், அவையில் அவமதிப்பதும் ‘குருபக்தி’ என்ற பெயரில் ஏற்கப்படும் துறையில், அப்படிச் செய்பவர் எதிலிருந்து விலகுகிறார்?

காணாமலே நோயறிவதன் ஆபத்தை மனநல மருத்துவம் தன் சொந்த அவமானத்தின் வழியாகவே கற்றது. 1964ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, பேரி கோல்ட்வாட்டரின் மனநிலை குறித்து ‘ஃபேக்ட்’ என்ற இதழ் மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டது. அவரை ஒருமுறைகூடப் பரிசோதித்திராத 1,189 பேர், அவர் அப்பதவிக்கு உளவியல் அடிப்படையில் தகுதியற்றவர் என்று விடையளித்தனர். கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்து வென்றார். நேரில் பரிசோதிக்காமலும் ஒப்புதல் பெறாமலும் பொதுமனிதர் ஒருவரைப் பற்றி நோய்க்கருத்து வழங்குவது அறமன்று என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் விதி வகுத்தது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 3ஆம் பிரிவு, சிகிச்சைக்காகவோ சட்டம் அனுமதிக்கும் பிற தேவைகளுக்காகவோ அன்றி, எந்த மனிதரும் எந்த அதிகார அமைப்பும் ஒருவரை மனநோயர் என வகைப்படுத்தக் கூடாது என்கிறது. சமூக, பண்பாட்டு, பணியிட, அரசியல் மதிப்பீடுகளோடு ஒத்துப்போகாமையை மனநோய்க்கு அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆளுமைக் கோளாறு இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்குமா என்பது தனி விவாதம். அப்பிரிவின் பின்னுள்ள அச்சம் வரலாற்றிலிருந்து வந்தது: நோய்ப்பெயர் எப்போதும் வலியவர் கையில் எளியவருக்கு எதிரான ஆயுதமாகவே கூர்மை பெற்றிருக்கிறது.

இதுதான் ஆய்வாளர்கள் கணக்கில் கொள்ளாத உண்மை. நோய்ப்பெயர் இருதிசை ஆயுதம். கீழிருந்து மேல் நோக்கி எறிந்தால் அது பெரும்பாலும் வழியிலேயே விழுந்துவிடும், மேலிருந்து கீழ் நோக்கி எறிந்தால் இலக்கில் தைக்கும். மாணவி ஒருவர் நெறியாளரை நார்சிசிஸ்ட் என்று விடுதி அறையில் சொல்கிறார். அது அறைக்குள்ளேயே அடங்குகிறது. நெறியாளர் அம்மாணவியை ‘உணர்ச்சிவசப்படுபவர், சமநிலை இல்லாதவர், ஏதோ பார்டர்லைன் கேஸ்’ என்று துறைக்கூட்டத்தில் சொல்கிறார். அது பரிந்துரைக் கடிதத்தின் மௌனங்களில் ஏறி, அடுத்த பணி நேர்காணல் வரை பயணிக்கிறது. சாதிப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டும் தலித் மாணவருக்குத் ‘தாழ்வு மனப்பான்மை’ என்ற உளவியல் சொல் எத்தனை எளிதாகக் கிடைத்துவிடுகிறது! உளவியல் மொழியில் நடக்கும் எந்த வழக்கிலும் எளியவர் தோற்பார். அம்மொழியில் சாட்சியம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. யாருடைய சொல்லுக்கு மதிப்பு மிகுதியோ அவருடைய நோயறிதலே நிலைக்கும்.

நிறுவனம் நழுவும் விதத்தையும் பார்க்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு உண்டு. பருவத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் அதன்முன் தம் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். முன்னேற்றம் நிறைவளிக்காவிட்டால் திருத்த வழிகளைச் சொல்லவும், அதன்பின்னும் தவறினால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கவும் அக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. அக்குழுவைக் கூட்டும் பொறுப்பு யாருடையது? நெறியாளருடையது. நெறியாளரோடு எழும் பூசலைச் சொல்ல ஆய்வாளருக்கு இருக்கும் மிக அருகிலுள்ள அவை, நெறியாளர் அழைத்தால்தான் கூடும். தலைப்புக்கு ஒப்புதல், களப்பணிக்கு அனுமதி, உதவித்தொகைக்கான சான்று, ஆய்வேட்டை ஒப்படைக்கும் படிவம், பின்னாளில் பரிந்துரைக் கடிதம் என்று ஓர் ஆய்வாளரின் ஐந்தாறு ஆண்டு வாழ்க்கை ஒரே பேனாவின் மையில் தொங்குகிறது. இந்த அமைப்பில் ஆளுமைக் கோளாறு ஏதும் இல்லாத, சாதாரணமான, சற்றே சோம்பலும் சற்றே ஆணவமும் கொண்ட மனிதர் ஒருவர்கூட நான்கைந்து ஆண்டுகளில் ஒருவரைச் சிதைத்துவிட முடியும். அவரை அரிய நோயர் என்று அறிவிப்பது, அமைப்புக்கு நற்சான்று வழங்குவதாகும்: அமைப்பு நன்று, இவர் மட்டும் விதிவிலக்கு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மூன்று ஆண்டுகளாகக் ‘குறை உன்னிடம்தான்’ என்று கேட்டுக் கேட்டுத் தம் நினைவாற்றலையே ஐயுறத் தொடங்கிய ஒருவருக்கு, தமக்கு நேர்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அறிவதே பெரும் விடுதலை என்பதே அது. இம்மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. அனுபவத்தைச் சொல்லச் சொல் இல்லாமையும் ஓர் அநீதியே என்று மெய்யியலாளர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவர் எடுத்துக்காட்டிய நிகழ்வு கார்மிட்டா வுட் என்பவருடையது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பேராசிரியர் ஒருவரின் தொல்லை தாளாமல் வேலையைத் துறந்தார். வேலையிழப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, நேர்ந்ததைக் குறிக்க அவரிடம் சொல் இல்லை, ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்றே பதிவாயிற்று, உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1975இல் அவருக்காகக் கூடிய பெண்கள் தேடிக் கண்டடைந்த சொல்தான் ‘பாலியல் துன்புறுத்தல்’.

ஆனால் இந்நிகழ்வு உண்மையில் எதை நிறுவுகிறது? அப்பெண்கள் அந்தப் பேராசிரியருக்கு ஒரு நோய்ப்பெயர் தேடவில்லை. அவர் செய்ததற்குப் பெயர் தேடினார்கள். அதனால்தான் அச்சொல் கடல் கடந்தது. 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பில் நெறிமுறையாகி, 2013இல் இந்தியச் சட்டமாயிற்று. அச்சட்டம் ஐந்து வகைச் செயல்களைப் பட்டியலிடுகிறது; துன்புறுத்துபவரின் ஆளுமை குறித்து ஒரு சொல்கூடப் பேசவில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எவையெவை வன்கொடுமை என்று செயல்களை எண்ணிக் காட்டுகிறது. ராகிங்குக்கு எதிரான 2009ஆம் ஆண்டின் மானியக் குழு ஒழுங்குமுறைகளும் அவ்வாறே. புது தில்லியின் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நிலவிய சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்து 2007இல் அறிக்கை அளித்த தோரட் குழு, அங்குள்ள ஆசிரியர்களின் மனக்கூறுகளை ஆராயவில்லை. விடுதியில் யார் எந்தத் தளத்துக்குத் தள்ளப்பட்டார், தேர்வறையில் யாரிடம் சாதி கேட்கப்பட்டது என்று விசாரித்தது. நூற்றாண்டுகளாக நிலைபெற்ற கொடுமைகளை இந்நாட்டில் சற்றேனும் அசைத்த சொற்கள் அனைத்தும் செயலின் பெயர்கள். மனிதவகையின் பெயர் எதுவும் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை.

இலக்கண மாணவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வினை காலத்தோடு தோன்றும், பெயர் காலம் காட்டாது என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. தொழிலோடு ஒட்டிய பெயர்களை மட்டும் விதிவிலக்காக்குகிறது. ‘கிழித்தார்’ என்ற ஒரு முற்றுக்குள் செயல் இருக்கிறது, காலம் இருக்கிறது, செய்தவர் இருக்கிறார். ‘நார்சிசிஸ்ட்’ என்ற பெயருக்குள் எந்த நாளும் இல்லை, எந்த அறையும் இல்லை, கிழிபட்ட தாளும் இல்லை. காலமில்லாத சொல்லை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. அதனாலேயே அது வம்புப்பேச்சுக்கு உகந்தது, புகாருக்கு உதவாதது. ‘கேஸ்லைட்டிங்’ என்ற சொல் இவ்வகையில் சற்று மேலானது. பேட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து பிறந்த அது, செயலைக் குறிப்பது. ஆனால் கருத்து வேறுபாடு, மறதி, மரியாதைக் குறைவு அனைத்தும் இன்று அதன் தலையிலேயே ஏற்றப்படுகின்றன. தீங்கு குறித்த கருத்துகள் இவ்வாறு பரப்பில் அகன்றும் கடுமையில் இளகியும் செல்வதை உளவியலாளர் நிக் ஹேஸ்லம் 2016இல் ‘கருத்து ஊர்வு’ என்ற பொருளில் விளக்கினார். எல்லாவற்றையும் குறிக்கும் சொல் நாளடைவில் எதையும் குறிக்காமல் போகும். அப்போது மெய்யாகவே கேஸ்லைட்டிங்குக்கு ஆளானவர் மீண்டும் ஊமையாவார்.

இந்தச் சொல்விளையாட்டில் யாரும் எண்ணிப் பார்க்காத தரப்பு, மருத்துவரிடம் சென்று அந்நோய்ப்பெயரை உண்மையிலேயே பெற்றவர்கள். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றுக்கு இன்று உலகெங்கும் பயன்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹன், தாமே இளமையில் கடும் மனத்துயரோடு மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் என்பதை 2011இல் வெளிப்படையாக அறிவித்தார். அவருடைய சிகிச்சை கற்பிக்கும் அடிப்படைத் திறன்களுள் ஒன்று ‘விவரித்தல்’: தீர்ப்பு வழங்காமல், அடைமொழி சூட்டாமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்லுதல். பிறரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு அச்சிகிச்சை வகுத்த படிமுறையிலும் முதற்படி நடந்ததை விவரிப்பதே. கோளாறு உள்ளவர்கள் வாரக்கணக்கில் உழைத்துக் கற்கும் இந்த ஒழுக்கத்தை, அவர்களுடைய நோய்ப்பெயரை வசையாக வீசும் படித்த கூட்டம் ஒரு நாளும் பயின்றதில்லை.

எனில், சூழ்ச்சிக்கார மனிதரிடம் சிக்கியவர் செய்ய வேண்டியது என்ன? அவரை விளங்கிக்கொள்வதில் செலவிடும் ஆற்றலில் பாதியைப் பதிவு செய்வதில் செலவிட வேண்டும். நாள், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தவர் என்று அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். வாய்மொழி ஆணைகளை அன்று மாலையே பணிவான மின்னஞ்சலாக மாற்றி, ‘தாங்கள் இன்று கூறியபடி மூன்றாம் இயலின் தரவுப் பகுதியை நீக்குகிறேன்’ என்று அவருக்கே அனுப்பிவிட வேண்டும். சொன்னதை மறுக்கும் கலைக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை. ஆலோசனைக் குழுவின் கூட்டக் குறிப்பை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தம் அச்சங்களையும் குடும்பச் சிக்கல்களையும் அவரிடம் கொட்டுவதை நிறுத்த வேண்டும். அதே நெறியாளரின் பிற மாணவர்களோடு பேச வேண்டும். சூழ்ச்சி எப்போதும் தனித்தனியே பிரித்துவைத்தே ஆள்கிறது. மாணவர் குறைதீர்ப்புக்கான 2023ஆம் ஆண்டு மானியக் குழு ஒழுங்குமுறைகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்றும், அதன் முடிவில் நிறைவில்லாதவர் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம் என்றும் சொல்கின்றன. அந்த வழிகள் குறையற்றவை அல்ல. ஆயினும் அவற்றின் கதவு திறப்பது வினைச்சொற்களுக்குத்தான். உறக்கம் கெட்டு, உணவு கெட்டு நிற்பவர் மருத்துவ உளவியலாளரை நாடட்டும். நடுவணரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. அங்கே பேசவேண்டியது தம் நலத்தைப் பற்றி. நெறியாளரின் நோயை அறிவது யாருடைய ஆய்வுத் தலைப்பும் அன்று. நெறியாளரை மாற்றிக்கொள்வதும், தேவைப்பட்டால் விலகிச் செல்வதும் தோல்வியாகா.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ‘அவர் அப்படித்தான், மனநிலை அப்படி, அனுசரித்துப் போ’ என்று ஆறுதல் சொல்லும் சக பேராசிரியர், நோய்மொழியைப் பரிவின் வேடத்தில் பயன்படுத்துகிறார். அந்த ஆறுதலின் விலையை அடுத்த ஆண்டு சேரும் மாணவர் செலுத்துவார். பரிவு உண்மையானதெனில், ஆலோசனைக் குழுவைக் கூட்டும் பொறுப்பை நெறியாளரிடமிருந்து எடுத்து வேறொருவருக்கு அளிக்குமாறு கல்விக்குழுவில் அவர் பேசட்டும்.

இறுதியாக இரண்டு கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று: ‘என் நெறியாளர் ஒரு நார்சிசிஸ்ட், அவரால் என் வாழ்க்கை நாசமாகிறது.’ மற்றொன்று: ‘மார்ச் 4ஆம் நாள் இரண்டாம் இயலை ஒப்படைத்தேன். ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் மின்னஞ்சல் வழி நினைவூட்டினேன். விடை வரவில்லை. நவம்பர் 10ஆம் நாள் ஆலோசனைக் குழுவில், நான் எதையுமே ஒப்படைக்கவில்லை என்று அவர் கூறினார். மின்னஞ்சல்களின் படிகளை இணைத்துள்ளேன்.’ முதற்கடிதத்தைப் பெறும் குழு இருவரையும் சமாதானமாகப் போகச் சொல்லும். இரண்டாம் கடிதத்துக்கு அக்குழு ஏதேனும் ஒரு விடை எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால், அதுவும் நாள் குறிக்கத்தக்க ஒரு செயலாகிவிடும்.